ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் டிராக் ரேஸ்... பின்பக்க ஷாக், ஸ்ப்ரிங்கை எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

பெசன்ட் நகரிலிருந்து அடையாறு, மயிலாப்பூர் வழியாகப் போகும் 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறீர்களா? டிரைவர் கிளட்சை விட்டதும், நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சாய்வார்கள். பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் வந்து விழுவார்கள். கம்பியை இறுக்கிப் பிடித்தவர் கொஞ்சமா ஆடுவார், பிடிக்காதவர் நிறைய ஆடுவார். ஆனால், தள்ளுகிற விசை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

உங்கள் காருக்கும் அப்படித்தான். சட்டென்று கிளம்பும்போது காரின் எடையில் ஒரு பகுதி முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும். பஸ்ஸுக்கு இது லாபம். காரணம், அதைத் தள்ளுவது பின் சக்கரம். ஆனால் ஸ்விஃப்ட், போலோ, ஆல்டோ, ஹோண்டா சிட்டி என்று நம்ம தெருவில் நிற்கிற பெரும்பாலான கார்களை இழுப்பது முன் சக்கரம். எந்தச் சக்கரத்துக்கு எடை தேவையோ, அதிலிருந்துதான் எடை போகிறது. அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டயர் கத்துகிறது, புகை வருகிறது, கார் மட்டும் நகர மாட்டேங்குது.

இந்த இடத்தில்தான் பலரும் பின்பக்க ஸ்ப்ரிங், ஷாக் அப்சர்பரில் கை வைக்கிறார்கள். சரியாகச் செய்தால் பலன் உண்டு. தப்பாகச் செய்தால் காசு போவதோடு நிற்காது, உயிருக்கும் ஆபத்து. அவற்றால் என்ன முடியும், என்ன முடியாது? தெளிவா பார்த்துடலாம்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

டிராக் ரேஸ் என்பது ரொம்ப எளிமையான போட்டி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வளைவே கிடையாது. அமெரிக்காவில் போருக்குப் பிறகு ஆளில்லாத விமான ஓடுதளங்களில் இது வளர்ந்தது.

நம்ம ஊர் ரேஸ் கதையும் ஓடுதளத்தில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் ஓடுதளத்தில்தான் 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தியது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அங்கேதான் பைக்குகளுக்கான தேசிய டிராக் ரேஸ் போட்டிகளும் நடந்திருக்கின்றன.

சோழவரத்தின் ஆரம்ப காலத்தில் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின் சக்கரத்தால் ஓடியவை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கரம் இழுக்கும் கார் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. பின் சக்கர கார்களுக்கான பழைய ட்யூனிங் பழக்கங்கள் இங்கே அப்படியே பொருந்தாது. பல விஷயங்கள் நேர் எதிர்.

அந்த 94 கிலோ

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டிரைவரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவிகிதம், அதாவது 540 கிலோ முன் சக்கரங்களில் நிற்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.4 மீட்டர். காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்.

கார், புவியீர்ப்பில் பாதி அளவு வேகமுடுக்கத்தோடு கிளம்பினால் எவ்வளவு எடை பின்னால் போகும்? எடையை முடுக்கத்தாலும் எடை மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, வீல்பேஸால் வகுக்கணும். 900 × 0.5 × 0.5 ÷ 2.4. விடை சுமார் 94 கிலோ. முன் சக்கரத்தில் 540 கிலோவாக இருந்தது, தேவைப்படுகிற நேரத்தில் 446 கிலோவாகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் ஸ்ப்ரிங் எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. ஷாக்கும் வரவில்லை. எடை, முடுக்கம், உயரம், வீல்பேஸ்... இந்த நான்கு மட்டும்தான். அதனால் 'இந்த ஸ்ப்ரிங் போட்டா வெயிட் பின்னாடி போகாது சார்' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள். முடுக்கம் சீராக இருக்கும்வரை, உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்ப்ரிங்கும் அந்த 94 கிலோவைக் குறைக்காது.

அப்புறம் எதுக்கு ஸ்ப்ரிங்?

பஸ்ஸில் கம்பியைப் பிடித்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். விசை அதேதான், ஆட்டம்தான் குறைவு. ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் அந்த ஆட்டத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன.

நம் உதாரண காரில் 94 கிலோ பின்னால் வரும்போது, ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் கூடுதலாக 47 கிலோ. சக்கரத்தில் உணரப்படும் ஸ்ப்ரிங் கடினம் ஒரு மில்லிமீட்டருக்கு 1.8 கிலோ என்றால், பின்பக்கம் 26 மி.மீ. அமுங்கும். அதையே 3.6 கிலோ ஆக்கினால் 13 மி.மீ. மட்டும் அமுங்கும்.

பின் சக்கரம் தள்ளும் கார்களில் சஸ்பென்ஷன் அமைப்பே இந்த அமுக்கத்தை ஓரளவு எதிர்க்கும்படி டிசைன் பண்ண முடியும். நம் காரில் பின் சக்கரம் சும்மா உருளுவதோடு சரி. அதில் இழுவிசை இல்லாததால் அந்த உதவியும் கிடையாது. அமுக்கம் முழுவதையும் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும்தான் தாங்கணும்.

சரி, அமுங்கினால் என்ன நஷ்டம்? பின்பக்கம் வேகமாக அமுங்கினால், அடுத்த நொடியே அது மேலே எழும்பும். எழும்பினால் மூக்கு இறங்கும், மறுபடி தூக்கும். தொட்டில் மாதிரி கார் முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முன் டயரின் மேல் இருக்கும் எடை ஏறி இறங்கும். எந்த நொடியில் எடை மிகக் குறைவோ, அந்த நொடியில் டயர் வழுக்கும். ஒரு முறை வழுக்க ஆரம்பித்த டயருக்கு, பிடித்து நிற்கும் டயரை விட கிரிப் குறைவு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் அது திரும்பப் பிடிக்கும். அதற்குள் ரேஸ் போய்விடும்.

ஆக, பின்பக்க சஸ்பென்ஷனின் வேலை ஒன்றே ஒன்று. எடை போகட்டும், ஆனால் ஒரே ஒரு முறை, ஆடாமல், அலுங்காமல் போகட்டும்.

எவ்வளவு ஹார்டு?

கடைக்குப் போய் 'ஹார்டு ஸ்ப்ரிங் கொடுங்க அண்ணே' என்று கேட்காதீர்கள். ஹார்டு என்பது அளவு இல்லை. 'மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ஸ்ப்ரிங் வேண்டாம்.

ரெண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, ஸ்ப்ரிங்கின் கம்பி தடிமன். கடினம் என்பது தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி 10 சதவிகிதம் தடித்தாலே ஸ்ப்ரிங் ஏறக்குறைய 46 சதவிகிதம் கடினமாகிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது. புதுப்பேட்டையில் வேறொரு காரின் ஸ்ப்ரிங்கைப் பார்த்து, 'அதே சைஸ்தான் இருக்கு' என்று வாங்கினால் என்ன ஆகும் என்று புரிகிறதா? போகும்போது வெர்னியர் காலிபர் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும் இடம். ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம். ஸ்ப்ரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். ஸ்ப்ரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்ப்ரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால், விகிதம் 0.7. சக்கரத்தில் உணரப்படும் கடினம் அதன் இருமடிப் பெருக்கம், அதாவது 0.49. பெட்டியில் 4 கிலோ என்று போட்டிருக்கும் ஸ்ப்ரிங், சக்கரத்தில் சுமார் 2 கிலோதான். நண்பரின் காரில் இருக்கும் நம்பரை அப்படியே உங்கள் காருக்கு எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தொடக்கமாக எதை வைக்கலாம்? தினமும் ஓட்டுகிற காருக்கு, கம்பெனி ஸ்ப்ரிங்கை விட 20 முதல் 30 சதவிகிதம் கடினம் போதும். டிராக்குக்கு மட்டும் போகிற காருக்கு ஒன்றரை மடங்கில் ஆரம்பித்து இரண்டு மடங்கு வரை போய்ப் பார்க்கலாம். அதற்கு மேல் போவதற்கு முன், ஒவ்வொரு படியிலும் கைக்கடிகாரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஷாக்கில் எந்தப் பக்கம் இறுக்கம்?

ஸ்ப்ரிங் எவ்வளவு தூரம் அமுங்கணும் என்பதைத் தீர்மானிக்கும். எவ்வளவு வேகமாக அமுங்கணும் என்பது ஷாக்கின் வேலை. ஷாக்குக்கு ரெண்டு குணம் உண்டு. அமுங்கும்போது எதிர்ப்பது பம்ப். விரியும்போது எதிர்ப்பது ரீபவுண்ட்.

கிளம்பும்போது பின் ஷாக் அமுங்குகிறது, முன் ஷாக் விரிகிறது. ஆகவே நமக்குத் தேவை, பின்னால் கொஞ்சம் இறுக்கமான பம்ப், முன்னால் கொஞ்சம் இறுக்கமான ரீபவுண்ட். பின் சக்கர டிராக் காரில் இது தலைகீழ். அவர்கள் மூக்கு சட்டென்று எழும்பணும், எடை பின்னால் போகணும் என்று வேண்டுகிறவர்கள். அவர்கள் வீடியோவைப் பார்த்து நாம் செட்டிங் வைத்தால் உருப்படாது.

இங்கே ஒரு முக்கியமான பொறி இருக்கிறது. ஒரே ஒரு நாப் இருக்கும் அட்ஜஸ்டபிள் ஷாக்குகளில் பலவற்றில், அந்த நாப் ரீபவுண்டை மட்டுமே மாற்றும். கோனியின் மஞ்சள் ஷாக் அப்படித்தான். ரொம்ப நல்ல ஷாக், ஆனால் பின்பக்கத்தில் நமக்குத் தேவையான பம்ப்பை அந்த நாப் தொடாது. எத்தனை கிளிக் திருகினாலும் கிளம்பும்போது அமுங்குவதில் மாற்றம் இருக்காது. வாங்குவதற்கு முன், 'நாப் எதை மாத்துது... பம்ப்பா, ரீபவுண்டா, ரெண்டுமா?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

ரீபவுண்டை ரொம்பவும் இறுக்கினால் வேறு தொல்லை. மேடு பள்ளத்தில் அமுங்கிய பின்பக்கம் விரிய நேரம் கிடைக்காமல், அடுத்த மேட்டில் இன்னும் அமுங்கும். கார் படிப்படியாகத் தரையை நோக்கி இறங்கிவிடும். பம்ப் ரொம்ப இறுகினால் சின்ன மேட்டுக்கே சக்கரம் துள்ளும். எதிலும் அளவு முக்கியம்.

இன்னொன்று, ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் ஜோடியாகத்தான் பார்க்கணும். ஸ்ப்ரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால், அதே கட்டுப்பாட்டுக்கு ஷாக்கின் எதிர்ப்பு 1.4 மடங்கு வேண்டும். பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், கட்டுப்பாடு ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்த மாதிரி. ஆட்டத்தை நிறுத்தப் போட்ட ஸ்ப்ரிங்கே ஆட்டத்தைக் கூட்டிவிடும். பட்ஜெட் இடித்தால், முதலில் நல்ல ஷாக்கைப் போடுங்கள். ஸ்ப்ரிங் அடுத்த மாசம் வரட்டும்.

பின்னாடி தூக்கி வைக்கலாமா?

'பின்பக்கத்தை உசத்திட்டா வெயிட் எல்லாம் முன்னாடி வந்துடும்' என்று மெக்கானிக் ஷெட்டுகளில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்கு என்ன சொல்கிறது?

நம் 900 கிலோ காரின் பின்பக்கத்தை 30 மி.மீ. உயர்த்தினால், முன்னால் வரும் எடை 2 கிலோ சுமார்தான். அதே நேரத்தில் எடை மையமும் 12 மி.மீ. உயர்ந்துவிடுகிறது. அதனால் கிளம்பும்போது கூடுதலாக 2 கிலோ பின்னால் போகிறது. வந்தது போனதோடு சரி. லாபம் பூஜ்யம்.

மாறாக, முழு காரையும் 40 மி.மீ. இறக்கினால் பின்னால் போகும் எடை 94-லிருந்து 86 கிலோவாகக் குறையும். டிக்கியில் இருக்கும் 15 கிலோ ஸ்டெப்னியை ரேஸ் நாளில் இறக்கி வைத்தால், காரின் எடை குறைவதோடு, பின் அச்சுக்குப் பின்னால் தொங்கிய எடை போனதால் முன் சக்கரத்தில் சுமார் 3 கிலோ கூடும். செலவு? ஒரு பைசா கிடையாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் டயரில் இருக்கிறது. சாதாரண டயரின் பிடிமானம் 1.0 என்றும், ரேஸ் டயரின் பிடிமானம் 1.3 என்றும் வைத்துக்கொண்டால், நம் காரின் அதிகபட்ச முடுக்கம் 0.5-லிருந்து 0.61-ஆக உயரும். எந்த ஸ்ப்ரிங்கும் இதைத் தராது. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் எம்ஆர்எஃப்பே ரேஸ் டயர் தயாரிக்கிறது. காசை எங்கே முதலில் போடணும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு முன் சக்கர டிராக் கார்களின் பின்னால் சின்னச் சக்கரம் வைத்த நீளமான கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் வீலி பார். பின்பக்கம் அமுங்கும்போது அந்தக் கம்பி தரையில் ஊன்றிக்கொள்ளும். காரின் வீல்பேஸே நீண்ட மாதிரி ஆகிவிடும். கம்பி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஊன்றி, போகிற எடை முழுக்க அதில் இறங்கினால், 94 கிலோ 62 ஆகக் குறையும். எடை மாற்றத்தை உண்மையாகவே குறைப்பது இதுதான். ஆனால் அது டிராக்குக்கு மட்டும். நம்ம தெருவுக்கு இல்லை.

கட் ஸ்ப்ரிங் வேண்டவே வேண்டாம்

இறக்குவது நல்லது என்றதும், கேஸ் கட்டிங் டார்ச்சோடு கிளம்பிவிடாதீர்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கடினம் 20 சதவிகிதம் கூடும் என்பது உண்மை. அதனால் 'ரெண்டே நூறு ரூபாயில் ரேஸ் ஸ்ப்ரிங்' என்று தோன்றும்.

ஆனால், டார்ச்சின் சூட்டில் அந்த எஃகின் பதம் போய்விடும். அந்த இடம் நாளடைவில் தொய்யலாம், உடையலாம். வெட்டிய முனை, ஸ்ப்ரிங் உட்காரும் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாது. எல்லாவற்றையும் விட மோசம், ஸ்ப்ரிங் கழன்றுகொள்வது.

நம் உதாரணத்தில் ஒவ்வொரு பின் ஸ்ப்ரிங்கின் மேலும் காரின் உடல் எடை சுமார் 150 கிலோ உட்கார்ந்திருக்கிறது. சக்கரக் கணக்கில் 1.8 கிலோ ஸ்ப்ரிங் 83 மி.மீ. அமுங்கி நிற்கும். 3.6 கிலோ ஸ்ப்ரிங் 42 மி.மீ. மட்டும். அதாவது, சக்கரம் 42 மி.மீ. கீழே தொங்கினாலே ஸ்ப்ரிங் தளர்ந்துவிடும். பெரிய வேகத்தடையைத் தாண்டும்போது இது நடக்கலாம். டார்ஷன் பீம் காரில் ஸ்ப்ரிங்கைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. அதனால் கடினமான, குட்டையான ஸ்ப்ரிங் போடுகிறவர்கள், ஷாக்கின் நீளத்தையும் அதற்கேற்ப குறைக்கணும் அல்லது தளர்வை நிரப்ப ஹெல்பர் ஸ்ப்ரிங் சேர்க்கணும். வேலை முடிந்ததும் காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் ஓட்டாதீர்கள்.

402 மீட்டருக்கு அப்புறம் என்ன?

மயிலாப்பூர் பங்குனித் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க எத்தனை பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் நகராது. டிராக் ரேஸில் எல்லோரும் கிளம்புவதைப் பற்றியே பேசுகிறோம். முட்டுக்கட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கோட்டைத் தாண்டியதும் பிரேக். இப்போது எடை முன்னால் பாயும். 0.8 அளவு பிரேக் பிடித்தால் நம் காரில் 150 கிலோ முன்னால் போய், பின் சக்கரங்களில் இருந்த 360 கிலோ 210 ஆகிவிடும். ரியர் சீட், ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றிய கார் என்றால் இன்னும் குறைவு. லேசான பின் சக்கரம் பிரேக்கில் லாக் ஆனால், கார் பம்பரமாகச் சுற்றும். முன் சக்கரம் லாக் ஆனால் நேராகப் போகும். பின் சக்கரம் லாக் ஆனால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இதுதான் அபாயம்.

சில பழைய கார்களில் பின் அச்சோடு இணைத்த ஒரு பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் அமுங்கியிருந்தால் 'நிறைய லோடு இருக்கு' என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். நீங்கள் காரை இறக்கினால், காலி காரைக்கூட அது லோடு ஏற்றிய காராகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் காரில் அந்த வால்வு இருந்தால், உயரத்தை மாற்றிய அன்றே அதையும் சரிசெய்யணும். பின்பக்க வேலைக்கான பட்டியலில் பிரேக் செக்கப்பை முதல் வரியில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை தி.நகர் போகணுமே?

பலருக்கு ஒரே கார்தான். ஞாயிற்றுக்கிழமை டிராக், திங்கட்கிழமை ஆபீஸ், சாயங்காலம் அம்மாவை பாண்டி பஜாருக்கு அழைத்துப்போகணும். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கணும். நம் தெருக்களில் இருப்பவை எல்லாம் அப்படியா இருக்கின்றன? 40 மி.மீ. இறக்கிய கார், குடும்பத்தோடு அதன் மேல் ஏறினால் என்ன சத்தம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைக்காலம் இன்னொரு கவலை. பின்பக்கம் ரொம்ப கடினமாக இருக்கும் முன் சக்கர கார், ஈரமான வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கத்தை வீசும். அடையாறு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டில் எல்லோரும் போகிற காருக்கு, கம்பெனி ஸ்ப்ரிங்கோடு பம்ப், ரீபவுண்ட் ரெண்டும் மாற்றக்கூடிய ஷாக் போதும். சனிக்கிழமை இறுக்குங்க, ஞாயிறு ராத்திரி தளர்த்துங்க. அதுதான் நிம்மதி.

எங்கே ஓட்டலாம்?

ஈசிஆரும் ஓஎம்ஆரும் மெரினா கடற்கரைச் சாலையும் டிராக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி, பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அனுமதியில்லாத மாற்றங்களுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் நேரத்திலும் கேள்வி வரும்.

சட்டத்தை விடுங்கள். டிராக்கில் கோட்டுக்குப் பிறகு நிறுத்துவதற்கு என்று நீளமான இடம் விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஈசிஆரில், மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிறவர் நிற்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன்... ஒரு சின்ன லிஸ்ட்

* காரை எடை மேடைக்குக் கொண்டுபோய், முழு காரையும் ஒரு முறை, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை எடை போடுங்கள். உங்கள் காரின் உண்மையான கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

* இப்போது இருக்கும் ஷாக்கில் எண்ணெய் கசிவு இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழசை சரிபண்ணாமல் புதுசைத் தேர்ந்தெடுக்க முடியாது.

* பின் ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டை கட்டிவிடுங்கள். ஒரு முறை கிளம்பி நிறுத்தினால், எவ்வளவு அமுங்கியது என்று அதுவே காட்டும்.

* நண்பரை பக்கவாட்டில் நிறுத்தி, மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கார் ஒரு முறை சாய்ந்து நிற்கிறதா, ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

* டிராக்கில் முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். சஸ்பென்ஷன் மாற்றத்தின் பலன் அங்கேதான் தெரியும். மீதி தூரம் இன்ஜினின் வேலை.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ப்ரிங், ஷாக், டயர் பிரஷர் மூன்றையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

* ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வீல் அலைன்மென்ட், பிறகு காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் பிரேக் டெஸ்ட்.

வரிசை இதுதான். முதலில் பிரேக், அடுத்து டயர், அடுத்து தேவையில்லாத எடை, அடுத்து ஷாக், கடைசியாகத்தான் ஸ்ப்ரிங். அந்த 94 கிலோ எப்படியும் பின்னால் போகத்தான் போகிறது. அது ஆடாமல் போகணும், கோட்டைத் தாண்டியதும் கார் நேராக நிற்கணும். இந்த ரெண்டும் சரியாக இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சரி.